இரண்டு கடல்களையும் மலையையும் சேர்த்துப் பாருங்கள்: வானிலை மாதிரிகளை உருவாக்குவோருக்கு நீலகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

வங்கக் கடலையும் அரபிக் கடலையும் கணினியில் ஓட்டிப் பார்த்து மழையையும் புயலையும் முன்கூட்டிச் சொல்லும் விஞ்ஞானிகளுக்கும், அந்த வேலைக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் கோத்தகிரிக்காரன். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். குடும்பத்துக்குக் கொஞ்சம் தேயிலையும், கேத்திப் பள்ளத்தாக்கில் கொஞ்சம் கேரட் நிலமும் உண்டு. உங்கள் துறையைப் பற்றிக் கைக்குக் கிடைப்பதையெல்லாம் ஆர்வத்தோடு படிப்பேன். அந்த உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். நீங்கள் உருவாக்கும் கடல், வளிமண்டல இணை மாதிரியில் இரண்டு கடல்களையும், அவற்றுக்கு நடுவில் நிற்கும் எங்கள் மலையையும் ஒரே சட்டகத்துக்குள் வையுங்கள். கிடைக்கும் விடையை மலைமேல் பெய்த மழையோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். நீலகிரி மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறத்தில் எச்சரிக்கை தருவதை விட்டு, மேற்குச் சரிவு வேறு, கிழக்குச் சரிவு வேறு என்று பிரித்துச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு இரண்டு தேதிகள் போதும்.

2009 நவம்பர் 10 அன்று காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 செ.மீ. மழை பதிவானது. அந்த நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் அது கிழக்கிலிருந்து வந்த மழை.

2019 ஆகஸ்ட் 8, 9 தேதிகளில் அவலாஞ்சியில் ஒவ்வொரு நாளும் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எல்லைக்கு அந்தப் பக்கம் மலப்புரத்தில் கவளப்பாறையும் வயநாட்டில் புத்துமலையும் சரிந்தது அந்த 8-ஆம் தேதிதான். அது தென்மேற்குப் பருவமழை, மேற்கிலிருந்து வந்தது.

கேத்திக்கும் அவலாஞ்சிக்கும் நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு அருகருகே இருக்கும் இரண்டு ஊர்களுக்கு இரண்டு வேறு பருவங்களில், இரண்டு வேறு திசைகளிலிருந்து, கிட்டத்தட்ட ஒரே அளவு பேய்மழை. ஆண்டு முழுவதும் சென்னையில் பெய்யும் சராசரி மழை சுமார் 140 செ.மீ. என்று நினைத்துப் பார்த்தால் இதன் அளவு புரியும்.

இன்னும் ஒரு அடி உள்ளே போய்ப் பாருங்கள். 2009-இல் எங்களை அடித்த தாழ்வுநிலை குமரிக் கடலோரத்தில் உருவாகி, தென்முனையைத் தாண்டி, அரபிக் கடலுக்குள் போய் வலுத்து, ஃபியான் புயலாக நவம்பர் 11 அன்று மகாராஷ்டிரக் கரையைக் கடந்தது. 2019-இல் அரபிக் கடலின் ஈரக் காற்று அவ்வளவு வேகமாக மலையில் மோதியதற்கு ஒரு முக்கியக் காரணம், வங்கக் கடலில் உருவாகி, ஆகஸ்ட் 7 அன்று ஒடிசாவை ஒட்டிக் கரையேறிய ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அது கிழக்கே நின்று மேற்குக் காற்றை இழுத்தது. ஆக, கிழக்கு மழை என்று நாங்கள் சொன்னதில் அரபிக் கடலுக்குப் பங்கு உண்டு. மேற்கு மழை என்று சொன்னதில் வங்கக் கடலுக்குப் பங்கு உண்டு. வங்கக் கடலை மட்டும் ஒரு பெட்டியாக வெட்டியெடுத்து நுணுக்கமாக ஓட்டும் மாதிரியோ, அரபிக் கடலை மட்டும் ஓட்டும் மாதிரியோ எங்கள் மழையைப் பாதிதான் பார்க்கும். பெட்டியின் விளிம்பில் வெளியிலிருந்து தரப்படும் காற்றும் ஈரமும் தப்பாக இருந்தால், உள்ளே எவ்வளவு நுணுக்கம் இருந்தாலும் பயன் குறைவு. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து வரும் சில பத்திகளும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இது திறந்த மடல். எங்கள் ஊர் விவசாயிகளும் இளைஞர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கடலும் காற்றும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கின்றன. வெயிலில் கடலின் மேற்பரப்பு சூடாகிறது. நீர் ஆவியாகி மேகம் திரள்கிறது. மேகம் வெயிலை மறைக்கிறது. கூடவே வரும் காற்று கடலைக் கலக்கி அடியிலிருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவருகிறது. மேற்பரப்பு குளிர்கிறது. கொஞ்ச நாளில் மேகம் கலைந்து, மறுபடி வெயில். பருவமழை சில வாரம் கொட்டுவதும் சில வாரம் ஓய்வதுமாக, ஏறக்குறைய 30 முதல் 60 நாட்களுக்கு ஒரு சுற்றாக நடப்பதில் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

காற்றை மட்டும் ஓட்டும் மாதிரியில் கடல் வெப்பநிலையை வெளியிலிருந்து ஒரு எண்ணாகக் கொடுத்துவிடுகிறார்கள். மேகம் மறைத்தாலும் அந்தக் கடல் குளிராது, புயல் கலக்கினாலும் குளிராது. சூடான இடத்தில் மழை பெய்துகொண்டே இருக்கும். உண்மையான பருவக்கடலில் நடப்பது வேறு. கடல் முதலில் சூடாகிறது, சில நாள் கழித்து மழை வலுக்கிறது, மழை வலுத்திருக்கும்போது கடல் குளிர ஆரம்பித்துவிடுகிறது. இப்படிக் கடலின் வெப்பத்தை மாறாமல் உறைய வைத்த மாதிரிகள் இந்த முன்பின் வரிசையைத் தவறவிடுகின்றன. கடலும் காற்றும் குறிப்பிட்ட இடைவெளியில் வெப்பம், ஈரம், காற்றின் விசை ஆகியவற்றைக் கைமாற்றிக்கொள்ளும்படி அமைக்கும் இணை மாதிரிதான் இந்த வரிசையைப் பிடிக்க முடியும்.

நாளை மழையா என்று கேட்டால் இதனால் பெரிய வித்தியாசம் வராது என்பது எனக்குத் தெரியும். ஒரே நாளில் கடல் அவ்வளவு மாறாது. புயல் விஷயத்தில் அப்படி இல்லை. அங்கே ஒரு நாள்கூட முக்கியம். அப்புறம் இரண்டு, மூன்று வாரத்துக்கான முன்னறிவிப்பு. உருளை போடுவதா, தேயிலைக்கு உரம் போடுவதா, கவாத்து வெட்டுவதா என்று நாங்கள் முடிவு எடுப்பது அந்தக் கால அளவில்தான்.

இரண்டு கடல்களும் ஒரே குணம் கொண்டவையும் அல்ல. வங்கக் கடலில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி என்று பேராறுகளின் நீர் கொட்டுகிறது. உப்புக் குறைந்த அந்த நீர் லேசானது. அது மேலே மெல்லிய படலமாகப் பரவி நின்று, அடியிலிருக்கும் உப்பு நீரோடு எளிதில் கலக்காமல் தடுக்கிறது. இதைத் தடுப்பு அடுக்கு என்கிறீர்கள். புயல் வந்து எவ்வளவு கலக்கினாலும், இந்த அடுக்கு இருக்கும் இடத்தில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் சுலபமாக மேலே வராது. சில மாதங்களில் வடக்கு வங்கக் கடலில் மேற்பரப்பைவிட அதற்குச் சற்று அடியிலிருக்கும் நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். வழக்கமாகக் கடல் குளிர்ந்து புயலின் வேகத்தைக் குறைக்க வேண்டும். இங்கே அந்தக் கடிவாளம் தளர்ந்துபோகிறது. அக்டோபர், நவம்பரில் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டம், இந்த உப்புக் குறைந்த நீரை ஆந்திரா, தமிழ்நாட்டுக் கரைவரை கொண்டுவருகிறது. எங்கள் வடகிழக்குப் பருவமும் அதே மாதங்களில்தான். வங்காளத்தில் ஆறு கொண்டுவந்து விட்ட நீர், கேத்தியில் கேரட் அழுகுவதில் ஒரு பங்கு வகிக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் பல கடல் மாதிரிகளில் ஆற்று நீர், அந்தந்த ஆண்டு ஓடிய உண்மையான அளவாக இல்லாமல், மாதச் சராசரியாகவே உள்ளே விடப்படுகிறது. உப்பு தப்பானால் கலக்கும் ஆழம் தப்பும். ஆழம் தப்பினால் வெப்பம் தப்பும். வெப்பம் தப்பினால் மழை தப்பும். உங்கள் மாதிரியில் எங்கே முதலில் கை வைக்கலாம் என்று என்னைக் கேட்டால், இந்த உப்பைத்தான் சொல்வேன்.

அரபிக் கடல் வேறு மாதிரி. உப்பு அதிகம், ஆவியாதல் அதிகம். பருவமழைக்கு முன்னால், ஏப்ரல், மே மாதங்களில் லட்சத்தீவுக்கும் கேரளக் கரைக்கும் இடைப்பட்ட பகுதி 30 டிகிரிக்கு மேல் சூடாகிறது. ஜூனில் சோமாலியாவை ஒட்டிப் பலத்த காற்று கிளம்பியதும் அங்கே அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்து கடலின் மேற்குப் பகுதி குளிர்ந்துவிடுகிறது. முன்பு புயல் குறைவான கடல் என்று பெயர் எடுத்தது. 2019-இல் மட்டும் அங்கே வாயு, ஹிக்கா, கியார், மகா, பவன் என்று ஐந்து புயல்கள். அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் மேற்கு சூடாகவும் கிழக்கு குளிர்ந்தும் கிடந்த இருமுனை நிலை, பல பத்தாண்டுகளில் காணாத அளவு வலுவாக இருந்தது. அவலாஞ்சி மழை அதே ஆண்டில் வந்தது.

சரி, கடல் பக்கம் இவ்வளவு நுணுக்கம் பார்க்கிறீர்கள். 2,000 மீட்டர் ஆழம்வரை இறங்கி ஏறும் ஆர்கோ மிதவைகள் வெப்பத்தையும் உப்பையும் அளந்து அனுப்புகின்றன. சென்னையிலிருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் நடுக்கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு வைத்திருக்கிறது. 2016-இல் சிந்து சாதனா கப்பலில் போய்த் தெற்கு வங்கக் கடலில் கடலும் காற்றும் கைமாற்றுவதை நேரில் அளந்தார்கள். இதன் பலனை நாடு கண்டிருக்கிறது. 1999 ஒடிசாப் பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2019-இல் ஃபானி வருவதற்கு முன் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றி, உயிரிழப்பை நூறுக்குள் நிறுத்தினார்கள். அந்த வேலையில் பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி.

கடற்கரையில் கிடைத்த அந்தப் பலன் மலைக்கும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. கரையைக் கடந்ததோடு புயலின் கதை முடிந்துவிடுவதில்லை. 2018 நவம்பரில் கஜா, வேதாரண்யம் பக்கம் கரையேறி, தமிழ்நாட்டின் குறுக்கே வந்து, பழனி மலையில் கொடைக்கானலை உலுக்கிவிட்டுத்தான் கேரளாவுக்குப் போனது. மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன.

மாதிரிக்குள் எங்கள் மலை எப்படி இருக்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதிரி பூமியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு எண்ணாகக் கணக்கிடுகிறது. நீலகிரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 2,550 சதுர கி.மீ. பருவகால முன்னறிவிப்புக்குப் பயன்படும் இணை மாதிரியின் கட்டம் ஒன்று சுமார் 38 கி.மீ. என்றால், முழு மாவட்டமும் இரண்டே கட்டத்துக்குள் அடங்கிவிடும். 12 கி.மீ. கட்டம் என்றால் பதினேழு, பதினெட்டுக் கட்டங்கள். 2025 மே மாதம் தொடங்கிவைத்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பின் 6 கி.மீ. கட்டத்தில் எழுபது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் 300 மீட்டர் உயரத்திலிருக்கும் மேட்டுப்பாளையமும் 1,800 மீட்டருக்கு மேலிருக்கும் குன்னூரும் பெரிய கட்டத்துக்குள் சேர்ந்து விழும்போது, இரண்டுக்கும் சராசரி எடுத்த ஒரு சாய்தரைதான் மிஞ்சும். 2,637 மீட்டர் தொட்டபெட்டா அதில் கரைந்துபோகும். ஈரக் காற்று சட்டென்று மேலே ஏறுவதால் பெய்யும் மழை, ஏற்றமே இல்லாத மாதிரியில் எப்படிப் பெய்யும்? எங்களுக்குத் தெற்கே சுமார் 30 கி.மீ. அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயும் அப்படித்தான். இரண்டு கடல்களின் காற்றும் மலையேறாமல் கடந்து போகும் வாசல் அது. கட்டம் பெரிதானால் அந்த வாசல் அடைபட்டுவிடும்.

காற்று மாதிரியின் கட்டத்தை மட்டும் சிறிதாக்கிவிட்டு, கடலை உறைய வைத்தே ஓட்டினாலும் பாதி வேலைதான் ஆகும். மலையும் தெரிய வேண்டும், கடலும் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்து ஓடினால் கணினிச் செலவு எகிறும் என்பது எனக்குப் புரிகிறது. 2024 செப்டம்பரில், வானிலை முன்னறிவிப்பை மேம்படுத்தும் மிஷன் மௌசம் திட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அர்கா, அருணிகா என்று புதிய மீக்கணினிகளும் அதே மாதத்தில் வந்தன. கேட்க இதைவிட நல்ல நேரம் அமையாது.

இனி எச்சரிக்கை விஷயம். ஆகஸ்டில் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வரும். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் அது நூற்றுக்கு நூறு தேவை. அதே நாளில் கோத்தகிரியில் பள்ளிக்கு விடுமுறை விட்டிருப்பார்கள்; பிள்ளைகள் வெயிலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். தோட்டத்தில் கொழுந்து எடுக்க ஆள் வந்திருக்காது. அப்புறம் நவம்பரில் எங்கள் பக்கம் உண்மையாகவே ஆபத்து வரும்போது, அதே சிவப்பு நிறத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. புலி வருது கதைதான். ஒரு நவம்பரில் எங்கள் தெருவிலேயே, மேட்டுச் சரிவில் வீடு கட்டியிருந்த ஒரு குடும்பத்தை அன்று இரவு மட்டும் சமுதாயக் கூடத்தில் படுக்கச் சொல்லி நானும் இன்னும் சிலரும் மன்றாடினோம். "ஆகஸ்ட்லயும் இப்படித்தான் சார் சொன்னாங்க" என்றார் அந்த வீட்டுக்காரர். அவரிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

கேரட் கதையும் சொல்ல வேண்டும். மூன்று மாதப் பயிர். அறுவடைக்கு நெருங்கிய நேரத்தில் நிலம் நாலைந்து நாள் ஊறினால் கிழங்கு வெடிக்கும், அழுகும். எச்சரிக்கை வந்ததும் எல்லோரும் ஒரே நாளில் பிடுங்குவார்கள். ஆள் கூலி ஏறும், கேரட் கழுவும் இயந்திரத்தின் முன்னால் லாரிகள் வரிசை கட்டும், மேட்டுப்பாளையம் மண்டியில் விலை விழும். மழை மேற்குப் பக்கமே நின்றுவிட்டால், பிடுங்கியவனுக்கு நஷ்டம். மழை வந்துவிட்டால், பிடுங்காதவனுக்கு நஷ்டம். "கிழக்குச் சரிவில் 20 செ.மீ.க்கு மேல் பெய்ய பத்தில் மூன்று வாய்ப்பு" என்று சொன்னால் போதும், பாதி நிலத்தைப் பிடுங்குவதா, பொறுப்பதா என்று விவசாயி தானே முடிவு செய்துகொள்வான். வாய்ப்பை எண்ணாகச் சொன்னால் மக்களுக்குப் புரியாது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். மண்டி விலையை நம்பி விதைக்கிறவர்களுக்கு வாய்ப்புக் கணக்கு நன்றாகவே தெரியும்.

2024 அக்டோபரில் ஊராட்சி வாரியாக முன்னறிவிப்பு தரத் தொடங்கினார்கள். வரவேற்கிறேன். ஆனால் அடியிலிருக்கும் மாதிரி இரண்டு சரிவுகளையும் பிரித்துப் பார்க்காவிட்டால், ஊர்ப்பெயர் மாறுமே தவிர எண் மாறாது. அதே ஆண்டு கொல்கத்தாவில் தொடங்கிய தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம், டார்ஜிலிங், காலிம்பாங்கோடு நீலகிரிக்கும் அறிக்கை தருகிறது. அவர்களுக்கும் மழைக் கணிப்புதான் மூலப்பொருள். மழை எந்தச் சரிவில் என்பது தப்பினால், மண் எந்தச் சரிவில் சரியும் என்பதும் தப்பும்.

சரிபார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. இந்த மலைகளுக்கும் பருவமழை ஆராய்ச்சிக்கும் பழைய உறவு உண்டு. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, சூரியப் புள்ளிகளைக் கவனித்தால் பருவமழையை முன்னறியலாம் என்ற நம்பிக்கை இருந்தது. கொடைக்கானலில் 1899-இல் சூரிய ஆய்வகம் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். விடை சூரியனில் கிடைக்கவில்லை. இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் காற்றழுத்த ஊசலாட்டத்தில் அதைத் தேடினார். தேடல் மலையிலிருந்து கடலுக்குப் போனது. நியாயம்தான்.

மலையில் எழுதிவைத்த கணக்கு மட்டும் இன்னும் இங்கேயே கிடக்கிறது. பழைய தேயிலைத் தோட்ட அலுவலகங்களில் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த மழைப் பேரேடுகள் உண்டு. அப்படி ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நீளமான தடித்த நோட்டு, மாதத்துக்கு ஒரு பக்கம், அங்குலத்தில் எண்கள். ஓரத்தில் பென்சிலால் "கல்மழை", "பாலம் போச்சு", "இரவு இரண்டு தரம் ஊற்றியது" என்று குறிப்புகள். கடைசிக் குறிப்புக்கு அர்த்தம் இதுதான். 200 சதுர செ.மீ. வாய் கொண்ட மழைமானியில் 80 செ.மீ. மழை விழுந்தால் 16 லிட்டர் தண்ணீர் சேரும். உள்ளே இருக்கும் பாத்திரம் அவ்வளவு கொள்ளாது. யாரோ ஒருவர் கொட்டும் மழையில், டார்ச் வெளிச்சத்தில், அட்டை ஏறும் புல்லில் நடந்து போய் அளந்து ஊற்றிவிட்டு, மறுபடி வைத்துவிட்டு வந்திருக்கிறார். அப்படிப் போகாத இரவுகளில் மழைமானி நிரம்பி வழிந்திருக்கும். அன்றைய எண் குறைவாகவே பதிவாகியிருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த எண்ணை மாதிரியோடு ஒப்பிட்டால், மாதிரி அதிகமாகச் சொல்கிறது என்று தப்பாக முடிவு கட்டிவிடுவீர்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. தோட்டங்களில் வேலைக்கு ஆள் எண்ணும் நேரத்தில், அதற்கு முன்னாலேயே அளந்துவிடுவது உண்டு. அளந்த பிறகு 8.30-க்குள் பெய்த மழை ஒரு நாள் தள்ளி விழும். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள, எழுதியவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

தோட்டப் பேரேடுகள் தவிர, அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகளில் மின்வாரியம் எடுக்கும் மழை அளவு இருக்கிறது. ஊட்டியில் 1954 முதல் இயங்கும் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இவற்றை ஒரே அட்டவணையாக்கி, 2009 நவம்பரையும் 2019 ஆகஸ்டையும் உங்கள் மாதிரியில் நான்கு விதமாக ஓட்டிப் பாருங்கள்: கடலை உறைய வைத்து, கடலை உயிரோடு வைத்து, ஒரு கடலோடு, இரண்டு கடலோடு. கேத்திக்கும் அவலாஞ்சிக்கும் மழை தனித்தனியாக வருகிறதா என்று பார்த்து, வந்த விடை எதுவானாலும் தமிழிலும் வெளியிடுங்கள். மாதிரி தோற்ற நாட்களையும் சேர்த்தே வெளியிடுங்கள். அது தெரிந்தால்தான், ஜெயிக்கும் நாட்களில் எந்த அளவு நம்பலாம் என்று எங்களுக்குத் தெரியும்.

பேரேடுகளைப் படியெடுக்க இரண்டு ஆட்களும் ஒரு ஸ்கேனரும் தந்தால் போதும். தோட்ட மேலாளர்களிடம் பேசி அனுமதி வாங்குவது, தங்க இடம் பார்ப்பது, பழைய கணக்கர்களைத் தேடிப் பிடித்து உட்காரவைப்பது எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பிப்ரவரி, மார்ச்சில் வந்தால் நல்லது. அப்போது உறைபனியும் ஓய்ந்திருக்கும், மழையும் இருக்காது, தோட்ட அலுவலகத்திலும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்